பார்கே தரை எழும்பினால், பிளந்தால், பொடி கொட்டினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில், ரப்பர் தோட்டத்தை வெட்டிக் கட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இரண்டு வகைப் பார்கே, அதாவது மரத்துண்டு பதித்த தரை, இருக்கும். ஒன்று விரல் பார்கே: ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் தடிப்பில் சின்னச் சின்னத் துண்டுகள், பாய் முடைந்ததுபோல் திசை மாற்றி மாற்றிச் சிமெண்டின் மேல் ஒட்டியது. மற்றது பலகைப் பார்கே: 15 முதல் 19 மில்லிமீட்டர் தடிப்பு, ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் காடி, ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது. உங்கள் வீட்டில் எது என்று தெரியாவிட்டால் வாசல்படி ஓரத்து உலோகப் பட்டையைக் கழற்றிப் பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். தடிப்பு தெரியும். இனிமேல் எத்தனை தடவை தேய்க்கலாம் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

பார்கேயில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தண்ணீரால் வருபவை. தண்ணீர் மேலிருந்து வருகிறதா, அடியிலிருந்தா, பக்கத்துக் குளியலறையிலிருந்தா என்பதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. அதைப் பார்க்காமல் "சேண்டிங் போட்டுப் பாலிஷ் அடித்தால் சரியாகிவிடும்" என்று சொல்லும் குத்தகைக்காரரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். சேண்டிங் என்பது இயந்திரத்தால் மரத்தின் மேற்பரப்பைத் தேய்ப்பது, அது கடைசி வேலை.

கையில் வேண்டியவை: இரண்டு ஊசி உள்ள ஈரமானி, ஒரு அடி நீளத்துக்கு நேரான இரும்பு அளவுகோல், சுத்தியல், தடித்த பிளாஸ்டிக் தாள், ஒட்டு நாடா. ஜன்னல் திறந்து புழங்கும் வீட்டில் மரத்தின் ஈரம் 12 முதல் 15 விழுக்காடு வரை இருந்தால் அது நம் காற்றுக்கு இயல்பு. ஏர்கோன் இரவெல்லாம் ஓடும் அறையில் 10 வரை இறங்கலாம். 18-ஐத் தாண்டினால் எங்கோ தண்ணீர் ஏறுகிறது. கெட்டி மரங்களில் மலிவான ஈரமானி ஒன்றிரண்டு புள்ளி பிசகிக் காட்டும். அதனால் தனி எண்ணை நம்பாமல், நல்ல மூலையையும் கெட்ட மூலையையும் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

தரை கூடாரம்போல் எழும்பி நிற்கிறது

அக்டோபர், நவம்பர் மழையில்தான் இது அதிகம். காலையில் பார்த்தால் இரண்டு வரிசைப் பலகைகள் முதுகை முட்டிக்கொண்டு கூரைபோல் தூக்கி நிற்கும். மரம் ஈரம் குடித்தால் நீளத்தில் வளராது, அகலத்தில் வீங்கும். ஒரு விழுக்காடு ஈரம் ஏறினால் அகலத்தில் சுமார் 0.2 விழுக்காடு வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் அகல அறையில் 4 விழுக்காடு ஈரம் ஏறினால் மொத்தம் 24 மில்லிமீட்டர். சுவரோரம் இடைவெளி இல்லாவிட்டால் அந்த 24 மில்லிமீட்டருக்குப் போக இடம் இல்லை, மேலேதான் போகும்.

முதலில் ஸ்கர்ட்டிங்கை, அதாவது சுவரடிப் பட்டையை, கழற்றுங்கள். பலகை சுவரை முட்டிக்கொண்டிருந்தால் காரணம் அதுவேதான். சுவர் நெடுக 10 முதல் 12 மில்லிமீட்டர் வெட்டி எடுக்க வேண்டும். அதற்கு அதிரும் தகடு உள்ள கைக்கருவி போதும். வட்ட ரம்பத்தால் சுவரோரம் வரை போக முடியாது. வாசல்படி, தூண், அலமாரி அடி ஆகிய இடங்களை மறந்துவிடாதீர்கள், முட்டுவது அங்கேதான்.

வெட்டிய கையோடு எழும்பிய பலகையை மிதித்து அமுக்கக் கூடாது. நாக்கு முறியும். எழும்பிய வரிசையில் நடுப் பலகை ஒன்றைக் கழற்றிவிட்டு, விசிறியை ஓடவிட்டு, ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். தண்ணீர் வந்த வழி அடைபட்டிருந்தால் தானே படியும். படிந்த பிறகு பழைய பசையைச் சுரண்டி மறுபடி ஒட்டி, மேலே 10 கிலோ அரிசி மூட்டைகளை 24 மணி நேரம் வையுங்கள். அரிசி மூட்டை தரையோடு வளைந்து உட்காரும். செங்கல் அடுக்கினால் மூலையில் மட்டும் அழுத்தும்.

பழைய தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீடுகளில் தூண்மேல் நிற்கும் பலகைத் தரைக்கு இந்த வியாதி பெரும்பாலும் வராது. அடியில் காற்று ஓடுகிறது, ஆணிக்கும் பலகைக்கும் இடையில் கொஞ்சம் நெகிழ்வு இருக்கிறது. சிமெண்டில் ஒட்டிய மரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பலகையின் ஓரம் தூக்கி, நடு குழிந்திருக்கிறது

அளவுகோலைப் பலகையின் குறுக்கே வையுங்கள். இரண்டு ஓரமும் அளவுகோலைத் தொட்டு, நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட ஈரமாக இருக்கிறது. தரைமாடியில் என்றால் சந்தேகம் சிமெண்டுத் தளத்தின் மேல். பழைய வீடுகள் பலவற்றில் தளத்துக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் போடாமலே காங்கிரீட் ஊற்றியிருப்பார்கள், அல்லது போட்ட தாள் வேலைநேரத்திலேயே கிழிந்திருக்கும். மண்ணின் ஈரம் ஆண்டு முழுக்க ஏறிக்கொண்டே இருக்கும்.

சோதிக்க: நாலைந்து துண்டைக் கழற்றி, வெறும் சிமெண்டின் மேல் 45 சென்டிமீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் நாடா போட்டு இறுக்கி ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி கட்டினாலோ சிமெண்டு கறுத்துப்போனாலோ ஈரம் அடியிலிருந்து வருகிறது. நேரடி வெயில் படும் இடத்தில் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

அடி ஈரம் உறுதியானால் துண்டு துண்டாக ஒட்டுப்போடுவது வீண். அந்த அறையின் பார்கே முழுவதையும் எடுத்து, சிமெண்டை உலர்த்தி, ஈரம் தடுக்கும் எபாக்சி பிரைமர் (அடிப்பூச்சு) இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்குத் திசையில், அடித்துவிட்டுத்தான் திரும்ப ஒட்ட வேண்டும். செலவுதான். ஆனால் அது இல்லாமல் ஒட்டினால் அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்துக்குத் திரும்புவீர்கள்.

புதிதாகச் சிமெண்டுப் பூச்சுப் போட்ட தளமென்றால் பொறுமை வேண்டும். நல்ல காற்றோட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கு ஒரு நாள் என்பது பழைய கட்டடக் கணக்கு. 40 மில்லிமீட்டர் பூச்சுக்கு 40 நாள். நம் ஊர் மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக வையுங்கள். மேலே தொட்டுப் பார்த்துக் "காய்ந்துவிட்டது" என்பதற்கு மதிப்பில்லை.

குழிந்த பலகையை ஈரமாக இருக்கும்போதே சேண்டிங் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. தூக்கிய ஓரங்கள் தேய்ந்து தரை சமமாகும். ஈரம் இறங்கிய பிறகு ஓரம் பள்ளமாகி, நடு முட்டிக்கொண்டு நிற்கும். அதன் பிறகு மரம் குறைந்துபோனதுதான் மிச்சம். மேல் ஈரமும் அடி ஈரமும் இரண்டு வாரத்துக்கு ஒரே அளவில் நிற்கும்வரை இயந்திரத்தைக் கொண்டுவராதீர்கள்.

நடந்தால் டக் டக் என்கிறது, துண்டு ஆடுகிறது

சுத்தியல் பிடியின் அடிப்பாகத்தால் தட்டிப் பாருங்கள். ஒட்டிய இடம் கெட்டியாக ஒலிக்கும், விட்ட இடம் தகரடப்பா போல் ஒலிக்கும். விட்ட இடங்களைச் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டே போங்கள். வட்டங்கள் அறையில் சிதறிக் கிடந்தால் பழைய பசை வயசாகிவிட்டது. குளியலறைச் சுவரை ஒட்டி ஒரு பட்டையாக வந்தால் பசைமேல் பழி போடாதீர்கள்: அது பைப் கசிவு, அல்லது குளியலறை நிலைப்படியின் நீர்க்காப்பு போய்விட்டது.

விரல் துண்டு ஒன்றை எடுக்கும் முறை: மெல்லிய பட்டி பூசும் தகட்டைச் சந்தில் நுழைத்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டி, தகட்டைச் சாய்க்காமல் உள்ளே தள்ளுங்கள். சாய்த்து நெம்பினால் பக்கத்துத் துண்டின் விளிம்பு உடையும். எடுத்த துண்டின் பின்பக்கம் பாருங்கள். பசை முழுக்கச் சிமெண்டிலேயே தங்கி, மரம் சுத்தமாக வந்தால், ஒட்டும்போது பசை காய்ந்துபோயிருந்தது. பசையோடு சிமெண்டுத் தூளும் பெயர்ந்து வந்தால் தளம் பலவீனம். அந்தத் தளத்தைப் பிரைமர் போட்டு இறுக்காமல் எந்தப் பசையும் நிற்காது.

துண்டுகளை எடுக்கும் வரிசையிலேயே எண் போட்டு அடுக்குங்கள். பழைய பசையை மரத்திலும் தளத்திலும் சுரண்டி எடுங்கள். கறுப்புத் தார்ப்பசை என்றால் நிதானம்: பழைய கறுப்புப் பசைகள் சிலவற்றில் கல்நார் கலந்திருந்தது. தண்ணீர் தெளித்து ஈரப்படுத்திக் கையால் சுரண்டுங்கள், காய்ந்த நிலையில் இயந்திரம் போட்டுத் தூளாக்காதீர்கள். புதுப்பசை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ, பல் வைத்த கரண்டியால் வரிவரியாக இழுங்கள். ஒரே நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு மேல் பசை பூச வேண்டாம், விசிறிக் காற்றில் மேல்தோல் கட்டிவிடும். ஒரு துண்டை வைத்து அழுத்தித் திரும்ப எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் முக்கால் பங்காவது பசை பிடித்திருக்க வேண்டும்.

ஊசியால் துளை போட்டுப் பசை ஏற்றுவது ஓரிரண்டு துண்டுக்குச் சரி. அடியில் தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும்.

துண்டுகளுக்கு இடையே சந்து விழுந்திருக்கிறது

ஏர்கோன் அறையிலும், ஜனவரி பிப்ரவரி வெயிலிலும் வருவது. கடன் அட்டை நுழையாத சந்தை அப்படியே விடுங்கள், மழை வந்தால் மூடிக்கொள்ளும். வெயில் காலத்தில் சந்தை மாவுப்பசையால் இறுக்கி அடைத்தால், ஈரம் ஏறும்போது அது பிதுங்கி வெளியே வரும், அல்லது பக்கத்துப் பலகையை நெருக்கித் தூக்கிவிடும். ஆண்டு முழுக்கத் திறந்தே கிடக்கும் 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சந்துக்கு மட்டும் அதே மரத்தில் மெல்லிய கீற்று சீவி, ஒரு பக்கத்துக்கு மட்டும் பசை தடவிச் செருகுங்கள். இரண்டு பக்கமும் பசை போட்டால் அடுத்த சந்து வேறிடத்தில் விழும்.

ஒரே இடத்தில் மட்டும் பெரிய சந்து விழுந்து மற்ற இடமெல்லாம் இறுக்கமாக இருந்தால், வார்னிஷ் பலகைகளைப் பக்கவாட்டில் ஒன்றாக ஒட்டிவிட்டது என்று அர்த்தம். அவை கூட்டமாகச் சுருங்கிப் பலவீனமான இடத்தில் விலகுகின்றன.

பொடி கொட்டுகிறது, சின்ன ஓட்டை தெரிகிறது

பொடியை வெள்ளைக் காகிதத்தில் எடுத்து விரலில் தேயுங்கள். வைத்தியம் பொடியைப் பொறுத்தது.

கோதுமை மாவுபோல் வழுவழு என்று இருந்து, ஓட்டை 1 முதல் 2 மில்லிமீட்டர் என்றால் பொடிவண்டு. இதற்குத் தேவை மரத்தில் இருக்கும் மாவுச்சத்து. அதனால்தான் ரப்பர் மரம் இதற்கு விருந்து. இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் வெட்டிய மரத்தை அறுத்த உடனே போரான் கரைசல் ஏற்றி உலர்த்தினால் நல்ல பார்கே ஆகும். அந்த வேலையில் சோம்பல் பட்ட பலகைதான் இரண்டாம் ஆண்டில் பொடி கொட்டுகிறது. மெர்பாவ் என்னும் கெட்டி மரத்தின் வைரத்தை, அதாவது நடுமரத்தை, இது தொடாது. ஆனால் மெர்பாவ் பலகையிலும் ஓரமாக வெளிறிய பால்மரம் (பட்டையை அடுத்த வெளிமரம்) ஒட்டியிருந்தால் அந்தப் பட்டையை மட்டும் கச்சிதமாகத் தின்றுவிட்டுப் போகும். ஓட்டை 3 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் அதே குணமுள்ள பெரிய வண்டு.

ரவைபோல், கசகசாபோல், தனித்தனி மணியாக உருண்டால் அது மண்ணோடு தொடர்பில்லாத உலர்மரக் கரையானின் எச்சம்.

வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பொடியைத் துடைத்துவிட்டு ஓட்டைகளின் மேல் காகித நாடா ஒட்டி, அதில் தேதி எழுதுங்கள். நாடாவில் புது ஓட்டை விழுந்தாலோ பக்கத்தில் புதுப்பொடி கூடினாலோ உள்ளே வேலை நடக்கிறது. மூன்று மாதமாவது பாருங்கள், புழு அவசரப்படாது. பாதித்த துண்டுகள் குறைவென்றால் எடுத்து எரித்துவிட்டு, போரான் ஏற்றிய புதுத்துண்டு வைப்பது மலிவு. பரவலாக இருந்தால் மேல்பூச்சு முழுவதையும் தேய்த்து எடுத்து, வெறும் மரத்தில் போரான் கரைசலை இரண்டு மூன்று கை பூசி, நன்றாக உலர்த்திப் பிறகு பூச்சு. வார்னிஷ்மேல் பூசும் மருந்து வார்னிஷ்மேலேயே நிற்கும். ஓட்டையில் ஊதும் ஸ்பிரே, கடைக்காரருக்கு லாபம்.

ஸ்கர்ட்டிங் ஓரம் மண்கோடு, மிதித்தால் பலகை உள்ளே போகிறது

இது நிலக்கரையான். நம் தாமான்களுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. ரப்பர் மரத்தைத் தாக்கும் கோப்டோடெர்மிஸ் இனக் கரையான் தோட்ட மண்ணில் எப்போதும் இருந்தது. மரத்தைத் தள்ளிவிட்டு, அடிக்கட்டையையும் வேரையும் மண்ணிலேயே புதைத்து மேலே வீடு கட்டினால், அதற்குச் சாப்பாட்டை நாமே சேமித்துக் கொடுத்ததாகிறது. வேர் தீர்ந்தபின் அது மேலே வரும். முதலில் கைவைப்பது நிலைச்சட்டம், அடுத்தது பார்கே. கெம்பாஸ் மரத்துக்கு இதை எதிர்க்கும் பலம் குறைவு, செங்கால் மரத்துக்கு அதிகம்.

மண்கோட்டை உடனே துடைத்து அழிக்கவும் கொசு மருந்து அடிக்கவும் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். கூட்டம் பாதை மாற்றி வேறிடத்தில் ஏறும், கூடு அப்படியே இருக்கும். ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் உடைத்துப் பாருங்கள். மறுநாள் அடைத்திருந்தால் பாதை உயிரோடு இருக்கிறது. அப்படியே விட்டு, பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் உள்ளவரை அழையுங்கள். வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து கலந்த இரைப்பெட்டியை அந்தப் பாதையிலேயே பொருத்தினால் வேலைக்காரக் கரையான் அதைக் கூட்டுக்குச் சுமக்கும். கூடு அழியப் பல வாரம் ஆகும். அதுவரை பார்கேயைப் பிரிக்காதீர்கள். இன்னொன்று: கரையான் வந்த இடத்தில் அநேகமாக ஈரமும் இருக்கும். ஏர்கோன் நீர்க்குழாயை முதலில் பாருங்கள்.

கறை

கறுப்புக் கறை: இரும்பும் ஈரமும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்த மைதான் அது. பூந்தொட்டியின் இரும்புக் கால், பால் டின், ஆணித்தலை இவற்றின் கீழ் வரும். மெர்பாவிலும் செங்காலிலும் சீக்கிரம் பிடிக்கும். அந்த இடத்தின் பூச்சைத் தேய்த்து எடுத்து, ஆக்சாலிக் அமிலம் 60 முதல் 100 கிராம் வரை ஒரு லிட்டர் வெந்நீரில், பிளாஸ்டிக் வாளியில், கரைத்துத் தூரிகையால் தடவுங்கள். கண்ணுக்கெதிரே வெளுக்கும். இருபது நிமிடத்தில் ஈரத்துணியால் இரண்டு முறை ஒற்றி எடுத்து உலரவிடுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம், இது விஷம். எஃகு நாரால் பார்கேயைத் தேய்ப்பவர்கள் கறுப்புப் புள்ளியைத் தாங்களே விதைக்கிறார்கள்.

பழுப்பு நீர், வெள்ளை மொசைக்கில் தேயிலைக் கறைபோல் இறங்கினால் மெர்பாவ் சாயம் விடுகிறது. 2019-இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட அந்த மரத்துக்கு இது பிறவிக் குணம். பலகையின் வெட்டுமுனைக்கும் பூச்சுக் கொடுத்தால் அடங்கும்.

வெள்ளை மூட்டம்: வார்னிஷுக்குள் ஈரம். சூடான சட்டி வைத்த வட்டம், ஈரக்கோலம் போட்ட இடம். ஓரிரு நாள் உலரவிட்டுப் பாருங்கள், லேசானது தானே போகும்.

பூஜை அறையில் வருவது வேறு: குத்துவிளக்கு எண்ணெய் ஊறிய கருவட்டம், கற்பூரம் சுட்ட குழி. எண்ணெய்க்கு முகப்பவுடரைக் குவித்து ஒரு இரவு விட்டு, பிறகு மினரல் டர்பன்டைன் தொட்ட துணியால் ஒற்றுங்கள். ஆழமாக இறங்கிய எண்ணெயின் மேல் புது வார்னிஷ் ஒட்டாது, துண்டை மாற்றுங்கள். விளக்கடியில் ஒரு கல் பலகை போட்டால் இந்தப் பத்தியே வேண்டாம்.

பூச்சு உரிகிறது, சேண்டிங் அலை தெரிகிறது

நகத்தால் கீறினால் பூச்சு பிளாஸ்டிக் தோல்போல் உரிந்து வந்தால், அடியில் மெழுகோ சிலிக்கோன் பாலிஷோ இருந்தது, அல்லது இரண்டு பூச்சுக்கு நடுவே தேய்க்கவில்லை. மேலே இன்னொரு கை அடித்து மறைக்க முடியாது. மரம் வரை தேய்த்தாக வேண்டும்.

ஒரு முறை சேண்டிங்கில் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் மரம் போகும். 8 மில்லிமீட்டர் விரல் பார்கே இரண்டு மூன்று தடவைக்குமேல் தாங்காது. பலகைப் பார்கேயில் நாக்குக்கு மேலே உள்ள 5, 6 மில்லிமீட்டர்தான் உங்கள் இருப்பு. திசை மாறி மாறி இருக்கும் விரல் பார்கேயை எந்தப் பக்கம் இழுத்தாலும் பாதித் துண்டுக்குக் குறுக்காகும், அதனால் முதல் ஓட்டம் 45 பாகையில். தேய்ப்புத் தாளின் எண்ணை 40, 60, 100 என்று ஏற்றுங்கள். 40-இலிருந்து நேராக 100-க்குத் தாவினால் கீறல் வார்னிஷ் ஏறியதும் பளிச்சென்று தெரியும். இயந்திரம் நகராமல் நிற்கும்போது சுழலும் உருளை தரையைத் தொட்டால் பள்ளம்: நடக்கத் தொடங்கிய பிறகு இறக்கி, நிற்பதற்கு முன்பே தூக்குங்கள். இரண்டாம் ஓட்டத்துத் தூளைப் பிசினில் குழைத்துச் சந்துகளுக்குப் பூசலாம், நிறம் ஒத்துப்போகும்.

12க்கு 12 அடி அறை சுமார் 13.4 சதுர மீட்டர். ஒரு லிட்டர் பாலியுரேத்தேன் ஒரு கைக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் போகும். மூன்று கைக்கு 4 லிட்டர் வாங்குங்கள். ஒவ்வொரு கைக்கும் நடுவே 180 எண் தாளால் மெல்லத் தேய்த்துத் தூசியை உறிஞ்சி எடுங்கள். மழை கொட்டும் மாலையில் அடிக்காதீர்கள், விசிறியை நேராகத் திருப்பாதீர்கள்: குமிழி, மூட்டம் இரண்டும் அதில் வரும். மூன்று நாள் கழித்துச் சாமான், இரண்டு வாரம் கழித்துப் பாய், கம்பளம். எண்ணெய் துடைத்த கந்தலையும் சேண்டிங் தூளையும் மூட்டையாகக் கட்டிக் கார் நிறுத்துமிடத்தில் போட்டுவைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். கந்தலைத் தண்ணீர் நிறைந்த டின்னில் போடுங்கள்.

தீபாவளிக்கு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் சிமெண்டுத் தரைக்கானது. பார்கேக்கு மாப்பைப் பிழிந்து, துடைத்த இடம் ஒன்றிரண்டு நிமிடத்தில் உலர்கிற அளவு ஈரம் போதும்.